மூடியை முறுக்கினால் போதுமா? காரில் பெட்ரோல் ஆவிக் கசிவைப் புரிந்துகொள்ள

டாஷ்போர்டில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிகிறது என்று நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். "பெட்ரோல் மூடியை நல்லா முறுக்கு, தானா போயிடும்" என்பார் ஒருவர். "சென்சார் போயிருக்கும், மாத்திடு" என்பார் அடுத்தவர். வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றாலும் கிட்டத்தட்ட இதே பதில்கள்தான் வரும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் விளக்கும் வாடையும் ஒரே தகவலைச் சொல்வதில்லை. விளக்கு எரியும்போது வாடையே இல்லாமல் இருக்கலாம். மூக்கைத் துளைக்கும் வாடை வரும்போது விளக்கு எரியாமலும் இருக்கலாம். போதாததற்கு, அமெரிக்க வண்டிக்குச் சொன்ன வைத்தியத்தை யூடியூபில் பார்த்துவிட்டு நம் ஊர் வண்டிக்குச் செய்து பார்ப்பவர்களும் உண்டு. அது பலிக்காததற்குத் தெளிவான காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

பானெட்டைத் திறந்தே பழக்கமில்லாதவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நீங்களே பழுது பார்க்காவிட்டாலும், ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் செலவு குறையும்.

பெட்ரோல் டேங்குக்குள் சும்மா இருப்பதில்லை

பெட்ரோல் ஆவியாக அடுப்பு தேவையில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூட, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அதன் மேல் ஆவி நிற்கும். அப்படியிருக்க, சித்திரை வெயிலில் வேலூரில் நிறுத்தி வைத்த வண்டியின் டேங்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பகலில் சூடு ஏற ஏற ஆவி பெருகி உள்ளே அழுத்தம் கூடும். இரவில் குளிர்ந்ததும் ஆவி சுருங்கி, டேங்க் வெளிக்காற்றை உள்ளே இழுக்கப் பார்க்கும். வண்டி ஓடும்போதும் அப்படித்தான். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் டேங்க் உள்நோக்கி ஒடுங்கும்.

ஆக, டேங்குக்குக் காற்று போய்வர ஒரு வழி வேண்டும். பழைய கார்களில் அது வெளியே திறந்திருக்கும் ஒரு துளை, அல்லது குழாய். ஆவி நேராகக் காற்றில் கலந்தது. நிறுத்தி வைத்த வண்டியிலிருந்தும் பெட்ரோல் போய்க்கொண்டே இருந்தது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொள்ள வைத்த ஊர் லாஸ் ஏஞ்சலஸ். 1940-களிலிருந்து அந்த நகரத்தைக் கண் எரிய வைக்கும் ஒரு புகைமூட்டம் சூழ்ந்துகொண்டே இருந்தது. தொழிற்சாலைகளைக் குறை சொன்னார்கள், குப்பை எரிப்பவர்களைக் குறை சொன்னார்கள். கால்டெக் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950-களின் தொடக்கத்தில் வேறொரு காரணத்தைக் காட்டினார். எரியாத பெட்ரோல் ஆவியும் வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்பதே அது. வானத்தின் மேலடுக்கில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், தரைமட்டத்தில் நுரையீரலைப் புண்ணாக்கும். கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலிருந்தும், அமெரிக்கா முழுக்க 1971 மாடல்களிலிருந்தும் டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு கட்டாயமானது. இந்தியாவில் பெட்ரோல் கார்களுக்கு இது பின்னாளில்தான் வந்தது. இரு சக்கர வண்டிகளுக்கு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-4 மாசுக் கட்டுப்பாட்டு விதியோடு வந்தது. அதற்குப் பிறகு வாங்கிய ஸ்கூட்டரின் அடியில் ரப்பர் குழாய்களோடு கறுப்பாக ஒரு டப்பா இருந்தால், அது இதற்குத்தான்.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். டீசல் சாதாரண வெப்பத்தில் இந்த அளவுக்கு ஆவியாவதில்லை, அந்த வண்டிகளில் இந்த ஏற்பாடும் கிடையாது.

ஆவி எங்கே போய் எப்படித் திரும்புகிறது

டேங்கிலிருந்து கிளம்பும் ஆவி முதலில் போய்ச் சேரும் இடம் கேனிஸ்டர். கரி நிரப்பிய பிளாஸ்டிக் டப்பா அது. சாதாரண அடுப்புக் கரி இல்லை, உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த கரி. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் இரண்டு கிரவுண்டு மனைக்கு மேல் வரும். அந்தப் பரப்பில் பெட்ரோல் ஆவி ஒட்டிக்கொள்கிறது. காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டியிலிருந்து தயாரித்து ஏற்றுமதி செய்கிறார்களே, அதே இனம்தான். கார்களில் போடுவது பெரும்பாலும் மரத்திலிருந்து செய்தது.

கரி எவ்வளவுதான் பிடித்து வைக்கும்? நிரம்பிவிட்டால் வேலை செய்யாது. அதைக் காலி செய்யத்தான் பர்ஜ் வால்வு. இது மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு சின்ன அடைப்பான், பெரும்பாலும் பானெட்டுக்குள்ளேயே இருக்கும். கேனிஸ்டரிலிருந்து வரும் குழாயை என்ஜின் காற்றை உறிஞ்சும் பாதையோடு இது இணைக்கிறது. என்ஜின் ஓடிச் சூடானதும் காரின் கம்ப்யூட்டர் இந்த வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். என்ஜின் உறிஞ்சும் வேகத்தில் கரியில் ஒட்டிய ஆவி கிளம்பி உள்ளே போய் எரிந்துவிடும். வீணாகப் போக இருந்த பெட்ரோலே திரும்ப எரிபொருளாகிறது.

உறிஞ்ச வேண்டும் என்றால் மறுபக்கத்திலிருந்து புதுக் காற்று உள்ளே வர வேண்டும் அல்லவா? அதற்காகக் கேனிஸ்டரில் ஒரு காற்று வழி உண்டு. அமெரிக்க விதிக்காகச் செய்த கார்களில் இந்த வழியைத் தேவைப்படும்போது அடைக்க இன்னொரு வால்வு இருக்கும். அதன் பெயர் வென்ட் வால்வு. பர்ஜ் வால்வு வேலை இல்லாத நேரத்தில் மூடியிருக்கும். வென்ட் வால்வு நேர்மாறு, எப்போதும் திறந்தே இருக்கும், சோதனை நேரத்தில் மட்டும் மூடும். இந்த ஒரு வித்தியாசம் நினைவில் இருந்தால் பின்னால் வரும் அறிகுறிகள் எல்லாம் எளிதில் விளங்கும்.

இதுவரை பார்த்தது: டேங்க் ஆவி கேனிஸ்டரின் கரியில் ஒட்டிக்கொள்கிறது. என்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு வழியாக உறிஞ்சப்பட்டு எரிகிறது. மூடி, டேங்க், குழாய்கள், கேனிஸ்டர், வால்வுகள் எல்லாம் சேர்ந்து ஒரே மூடிய இடம். அதில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அது ஆவிக் கசிவு.

பஞ்சர் கடையில் நடப்பதும் காருக்குள் நடப்பதும்

சைக்கிள் பஞ்சர் கடையில் டியூபில் காற்றை அடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடுவார்கள். இதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஓட்டை இருக்கிறதா என்று அறிவது ஒன்று; அதற்குத் தொட்டி வேண்டாம், காற்றடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அமுக்கிப் பார்த்தாலே தெரியும். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பது இரண்டாவது, அதற்குத்தான் தொட்டி.

காரின் கம்ப்யூட்டருக்கு முதல் வேலை மட்டுமே தெரியும். இரண்டாவது தெரியவே தெரியாது. ஆவிக் கசிவைப் பற்றிய பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

அந்த முதல் வேலையை அது எப்படிச் செய்கிறது? வென்ட் வால்வை மூடிவிட்டு, பர்ஜ் வால்வைச் சற்றுத் திறந்து, என்ஜினின் உறிஞ்சலால் டேங்குக்குள் லேசான வெற்றிடத்தை உண்டாக்கும். பிறகு பர்ஜ் வால்வையும் மூடிவிட்டு, டேங்கில் இருக்கும் அழுத்த சென்சாரைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெற்றிடம் நிலைத்து நின்றால் சரி. சீக்கிரம் கரைந்தால் எங்கேயோ காற்று நுழைகிறது. எவ்வளவு சீக்கிரம் என்பதை வைத்து ஓட்டையின் அளவை மதிப்பிடும். எல்லா நிறுவனங்களும் இதே முறையைப் பின்பற்றுவதில்லை. சில கார்கள் வண்டியை நிறுத்திய பிறகு டேங்க் தானாகக் குளிரும்போது உண்டாகும் வெற்றிடத்தை அளக்கின்றன. டொயோட்டாவின் பல மாடல்களில் இதற்கென்றே ஒரு சின்ன பம்ப் இருக்கிறது. சாவியை எடுத்து சுமார் 5 மணி நேரம் கழித்து அது தானாக ஓடும். நள்ளிரவில் பூட்டிய காரின் பின்பக்கத்திலிருந்து ஏதோ முனகுகிறது என்று பயந்தவர்கள் உண்டு. பேட்டரியைத் தின்னும் கோளாறு என்று ஒர்க்‌ஷாப்புக்கு ஓடியவர்களும் உண்டு.

சோதனையில் தோற்றால் ஒரு கோடு பதிவாகும். கோடு என்பது கம்ப்யூட்டர் எழுதி வைக்கும் பழுது எண்; ஸ்கேனர் கருவியைச் சொருகினால் படிக்கலாம். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இந்த எண்கள் எல்லா நிறுவனங்களுக்கும் பொது. பி-0455 என்றால் பெரிய கசிவு. பி-0442 என்றால் சுமார் 1 மி.மீ. துளைக்குச் சமமான கசிவு. பி-0456 என்றால் அரை மி.மீ. அளவு. அரை மில்லிமீட்டர் ஓட்டையை ஒரு முழு டேங்கிலும் அதன் குழாய்களிலும் உணர்வது உண்மையிலேயே பெரிய வித்தை, இதைக் கண்டு எனக்கு இன்னும் வியப்புதான்.

ஆனால் கவனியுங்கள், இந்த எண்கள் எதிலும் எந்தப் பாகம் பழுது என்ற தகவல் இல்லை. "பி-0442 வந்திருக்கு, கேனிஸ்டர் மாத்தணும்" என்று ஸ்கேனரைப் பார்த்த மாத்திரத்தில் ஒருவர் சொன்னால் அவர் ஊகிக்கிறார். ஊகம் சரியாகவும் இருக்கலாம். அதற்கான பணம் உங்களுடையது.

நம் ஊர் வண்டியில் விளக்கு ஏன் எரிவதில்லை

மேலே சொன்ன சோதனை அமெரிக்க விதியின் குழந்தை. கனடாவில் விற்கும் கார்களும் அதையே ஒட்டியவை. இந்திய விதிகள் ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றி எழுதப்பட்டவை. ஐரோப்பிய முறையில், பர்ஜ் வால்வுக்குப் போகும் மின் இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டால் போதும். டேங்கில் ஓட்டை இருக்கிறதா என்று தேட வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் இந்தியாவில் ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் வென்ட் வால்வு என்ற பாகமே இருக்காது. கேனிஸ்டரின் காற்று வழி எப்போதும் திறந்தே இருக்கும்.

இதன் விளைவு என்ன? டொராண்டோவிலோ டல்லஸிலோ மூடியைத் திறந்து வைத்துவிட்டுச் சில நாள் ஓட்டினால் விளக்கு எரியக்கூடும். திருச்சியில் மூடியைத் தொலைத்துவிட்டுத் துணியைச் சொருகிக்கொண்டு ஓட்டினாலும் பெரும்பாலும் எரியாது. துணியைச் சொருகி ஓட்டுவது ஆபத்து, அது வேறு விஷயம். மாறாக, திருச்சியில் விளக்கு எரிந்தால் மூடியை எத்தனை முறை முறுக்கினாலும் பலன் இருக்க வாய்ப்பு குறைவு. பிளக், காயில், ஆக்சிஜன் சென்சார் என்று வேறு ஏதாவது இருக்கும், அல்லது பர்ஜ் வால்வின் ஒயர் அறுந்திருக்கும். கோடைப் படித்துப் பார்ப்பதே வழி. இங்கே ஆவிக் கசிவைக் காட்டிக்கொடுக்கும் கருவி பெரும்பாலும் நம் மூக்குதான்.

சுருக்கமாக: கோடு, கசிவு உண்டு என்று மட்டும் சொல்லும், இடத்தைச் சொல்லாது. இந்திய வண்டிகளில் பெரும்பாலும் அந்தக் கோடே வராது.

வாடை வந்தால் முதல் கேள்வி

ஆவியா, திரவமா? வேறு எதற்கும் முன்னால் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆவிக் கசிவு சுற்றுச்சூழலுக்குக் கேடு, நமக்கு எரிச்சல், பெரும்பாலும் நாலு நாள் பொறுக்கும். பெட்ரோலே சொட்டினால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்காது. டேங்க் பம்பிலிருந்து என்ஜினுக்குப் போகும் குழாயில் பெட்ரோல் அழுத்தத்தோடு பாய்கிறது. அங்கே விரிசல் விட்டால் சூடான என்ஜின் மேலேயே பீய்ச்சும். வண்டிக்குக் கீழே ஈரம், டேங்கின் ஓரத்தில் கறை, திடீரென்று குறையும் பெட்ரோல் முள், தலைவலிக்கும் அளவு வாடை, இவற்றில் எது இருந்தாலும் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். மூடிய கேரேஜ் என்றால் கதவைத் திறந்துவிட்டு, விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியே வந்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஏசி போட்டு ஓட்டிய வண்டிக்கு அடியில் சொட்டுவது வெறும் தண்ணீர்தான், விரலில் தொட்டு முகர்ந்தால் தெரிந்துவிடும்.

திரவம் இல்லை என்று உறுதியானால், எப்போது வாடை வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். மெக்கானிக்கிடம் நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பயனுள்ள தகவல் இதுதான். டேங்க் நிரப்பிய நாளில் மட்டும் வந்து, கால் டேங்க் குறைந்ததும் நின்றுவிட்டால், கசிவு டேங்கின் மேல்பக்கத்தில் இருக்கலாம்: பெட்ரோல் ஊற்றும் குழாய், அதன் இணைப்பு, பம்ப் மூடி. பின் சீட்டில் உட்கார்ந்தவருக்கு மட்டும் அடித்தால் பம்ப் மூடி மேல் சந்தேகம் வர வேண்டும். பல கார்களில் பெட்ரோல் பம்ப் பின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அதைக் கழற்றி மாட்டும்போது பழைய ரப்பர் வளையத்தையே திரும்பப் போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. "சமீபத்தில் பம்பைத் திறந்தார்களா?" என்பது நல்ல கேள்வி. வண்டியை நிறுத்தியதும் பானெட் பக்கம் வாடை வந்தால் பர்ஜ் வால்வின் குழாயும் அங்கே ஓடும் மற்ற பெட்ரோல் குழாய்களும் பார்க்க வேண்டியவை.

தேடும் வரிசை

மலிவானதிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் மூடி. அதன் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா, காய்ந்து கெட்டியாகிவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மூடி உட்காரும் விளிம்பில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் பெட்ரோல் ஊற்றும் குழாயே துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். புது மூடி வாங்கிப் போட்டும் கோடு திரும்ப வருகிறது என்று புலம்புகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை இதுதான்.

அடுத்து பர்ஜ் வால்வு. இது மூடாமல் திறந்தே மாட்டிக்கொண்டால் ஒரு தனித்துவமான அறிகுறி வரும். பெட்ரோல் போட்டு முடித்தவுடன் வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கும், இரண்டு மூன்று முறை சுற்றித் தள்ளாடிக்கொண்டு எழும். மற்ற நேரமெல்லாம் ஒழுங்காக இருக்கும். காரணம், பெட்ரோல் ஊற்றும்போது கிளம்பிய ஆவி எல்லாம் திறந்த வால்வு வழியாக என்ஜினுக்குள் பாய்ந்து, காற்றுக்கு ஏற்ற அளவைவிட எரிபொருள் கூடிப்போகிறது. சோதிப்பது எளிது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, வால்வுக்குக் கேனிஸ்டர் பக்கத்திலிருந்து வரும் குழாயைக் கழற்றி, வால்வின் அந்த வாயில் விரலை வைத்துப் பாருங்கள். உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் வால்வு மூடவில்லை. சூடான என்ஜினில் இந்தச் சோதனை ஏமாற்றும், ஏனென்றால் அப்போது கம்ப்யூட்டரே அதைத் திறந்து வைத்திருக்கலாம்.

காற்று வழி அடைத்துக்கொண்டால் அறிகுறி வேறு. பங்கில் பெட்ரோல் போடும்போது துப்பாக்கி அடிக்கடி டக் டக்கென்று நின்றுபோகும், மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று இழுக்கும். இந்தப் பாகம் வண்டியின் அடியில் இருப்பதால் மண், சேறு, பூச்சி எல்லாம் புகும். பூச்சி என்று சும்மா சொல்லவில்லை. 2011-இல் மஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் மஸ்டா-6 கார்களை ஆயிரக்கணக்கில் திரும்ப அழைத்தது ஒரு சிலந்தியால். மஞ்சள் நிறச் சிறு சிலந்தி ஒன்று கேனிஸ்டரின் காற்றுக் குழாய்க்குள் வலை கட்டி அடைத்துவிட, டேங்குக்குள் வெற்றிடம் கூடி அதில் விரிசல் விழும் அபாயம் வந்தது. 2014-இல் இதே காரணத்துக்காக இன்னொரு முறை அழைக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் இந்த வேலையைச் செய்வது எலி. வலை கட்டுவதில்லை, குழாயைக் கடித்து வைக்கும்.

கண்ணால் பார்த்துத் தெரியவில்லை என்றால் தண்ணீர்த் தொட்டிக்குச் சமமான கருவி வேண்டும். டேங்கைக் கழற்றி தண்ணீரில் அமுக்க முடியாது, அதனால் புகையை உள்ளே விடுகிறார்கள். ஸ்மோக் மெஷின் என்று பெயர். ஒருவகைக் கனிம எண்ணெயைச் சூடாக்கி வெள்ளைப் புகையாக்கி, மெல்லிய அழுத்தத்தில் ஆவிக் குழாய்க்குள் செலுத்தும். ஓட்டை உள்ள இடத்தில் நூல் மாதிரி புகை எழும். டார்ச் அடித்துத் தேடினால் ஊசித் துளைகூடத் தெரியும். அழுத்தம் அரை பிஎஸ்ஐ அளவுதான் இருக்க வேண்டும். கார் டயரில் நாம் அடிப்பது 30-க்கு மேல். டயருக்கு அடிக்கும் கம்ப்ரஸரை இதில் மாட்டினால் ஆவிக் குழாய் கிழியும், டேங்குக்குள் காற்றும் ஆவியும் வெடிக்கத் தக்க விகிதத்தில் கலக்கவும் கூடும். நல்ல ஒர்க்‌ஷாப்புகளில் இதற்காகவே காற்றுக்குப் பதில் நைட்ரஜன் பயன்படுத்துகிறார்கள்.

புகை விடும் முன் கேனிஸ்டரின் காற்று வழியை அடைக்க மறந்துவிட்டால் புகை அதன் வழியாகத்தான் கொட்டும். "பாருங்க சார், கேனிஸ்டர் போச்சு" என்று அதைக் காட்டினால் நம்பாதீர்கள். வென்ட் வால்வு உள்ள வண்டியில் ஸ்கேனர் மூலம் அதை மூடச் சொல்ல வேண்டும். இல்லாத வண்டியில் கையால் ஒரு அடைப்பைச் சொருக வேண்டும். "அந்த வழியை அடைச்சீங்களா அண்ணா?" என்று நீங்கள் கேட்டாலே போதும், அடுத்த முறை பார்த்துப் பேசுவார்.

சரி செய்வது

கண்டுபிடிப்பதற்குப் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் பழுது நீக்குவது பெரும்பாலும் சின்ன வேலை. மூடி என்றால் அந்த மாடலுக்கான மூடியையே வாங்குங்கள். பார்க்க ஒன்று போல இருக்கும் மூடிகளில் உள்ளே இருக்கும் அழுத்த வால்வு வேறுபடும். பம்ப் மூடி என்றால் புது ரப்பர் வளையம் போட்டுச் சரியாக உட்கார்த்த வேண்டும். பர்ஜ் வால்வு பல கார்களில் இரண்டு குழாய், ஒரு மின் இணைப்பு, ஒரு போல்ட்டு, அவ்வளவுதான். குழாய் வெடித்திருந்தால் பெட்ரோல் ஆவி தாங்கும் வகைக் குழாயைப் போட வேண்டும். சாதாரண தண்ணீர்க் குழாயைப் போட்டால் சில மாதங்களில் ஊறி உப்பிவிடும்.

டேப் சுற்றுவது, எம்-சீல் அப்புவது எல்லாம் வேண்டாம். உலோக டேங்கில் ஓட்டை என்றால் வெல்டிங் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே முழுக்க ஆவி இருக்கும். காலி செய்தாச்சு என்ற நம்பிக்கையில் வெல்டிங் வைத்து உயிர் போனவர்கள் உண்டு.

கேனிஸ்டர்தான் விலை கூடின பாகம். அது தானாகக் கெடுவதைவிட நாமாகக் கெடுப்பதே அதிகம். பங்கில் துப்பாக்கி நின்ற பிறகும் "ரவுண்டா ஆயிரத்து ஐந்நூறுக்குப் போட்டுடுங்கண்ணா" என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவிக் குழாய் வழியாகக் கேனிஸ்டருக்குள் இறங்கலாம். ஆவியைப் பிடிக்கச் செய்த கரி திரவத்தில் நனைந்தால் தேறுவது கடினம். கரி உதிர்ந்து, தூள் குழாய் வழியாகப் போய்ப் பர்ஜ் வால்வையும் அடைக்கும். துப்பாக்கி முதல் முறை நின்றதும் நிறுத்துங்கள். சில்லறைக் கணக்கை வேறு எங்காவது சரிக்கட்டிக்கொள்ளலாம். இதற்கும், ஒவ்வொரு கோடையிலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் "டேங்க் நிரப்பினால் வெடிக்கும்" செய்திக்கும் முடிச்சுப் போடாதீர்கள். தயாரிப்பாளர் குறித்த அளவு வரை நிரப்பலாம் என்று இந்தியன் ஆயில் நிறுவனமே அதை மறுத்திருக்கிறது.

மைலேஜ் பற்றியும் ஒரு வார்த்தை. ஆவிக் கசிவால் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் குறைந்தது என்று யாராவது சொன்னால், அவருக்கு வேறு கோளாறும் இருக்கிறது. மூடி லேசாகக் கசிவதால் போகும் பெட்ரோல் முள்ளில் தெரியாது. பர்ஜ் வால்வு திறந்து மாட்டிக்கொண்டால் மட்டும் என்ஜின் ஓட்டத்தில் வித்தியாசம் வரும்.

சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்

கசிவுக்கு விளக்கு எரியாத நம் ஊர் வண்டிகளில், பழுது நீக்கிய பிறகு இன்னொரு முறை புகை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதே கருவி, பத்து நிமிட வேலை. அதன் பிறகு முழு டேங்க் நிரப்பி, வெயிலில் நிறுத்தி, மாலையில் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.

அமெரிக்க வண்டிகளில் பொறுமை வேண்டும். தொடர்ந்து இரண்டு ஓட்டங்களில் சோதனை தோற்றால்தான் பொதுவாக விளக்கு எரியும். அணையவும் தொடர்ந்து மூன்று முறை தேற வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் சோதனை நடக்கும் என்ற உறுதியும் இல்லை. டேங்க் முழுதாக இருந்தாலும் காலியாக இருந்தாலும் பல கார்கள் சோதிக்காது, கால் டேங்கிலிருந்து முக்கால் டேங்க் வரை வைத்துக்கொள்வது நல்லது. வண்டி இரவு முழுக்க நின்று குளிர்ந்திருக்க வேண்டும், வெளியே கடும் குளிரோ கடும் வெயிலோ கூடாது. மூடியை முறுக்கிவிட்டு மறுநாள் காலை விளக்கு அணையவில்லை என்று பதறுவதில் அர்த்தமில்லை.

ஸ்கேனரால் கோடை அழித்தால் விளக்கு உடனே அணைந்துவிடும். ஆனால் முடித்து வைத்திருந்த மற்ற சோதனைகளின் பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். மாநிலப் புகைப் பரிசோதனைக்கு முதல் நாள் இதைச் செய்துவிட்டுப் போனால், சோதனைகள் முடியவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டிவிட்டுப் போவதே நல்லது. எல்லாவற்றிலும் கடைசியாக முடிவது பெரும்பாலும் ஆவிச் சோதனைதான். கலிபோர்னியாவில் 2000 மாடலும் அதற்குப் பிந்தையதுமான பெட்ரோல் கார்களுக்கு, முடியாமல் இருந்தாலும் பரவாயில்லை என்று விலக்குக் கொடுத்திருக்கும் ஒரே சோதனையும் அதுதான்.